கலந்துவிடு என்னும் கட்டளை

உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவன் ஒருவன் வாசலில் நிற்கிறான். வீட்டுக்குரியவன் கதவைப் பாதி திறந்துகொண்டு கேட்கிறான்: "நீ எங்களைப்போல் உண்பாயா? எங்களைப்போல் உடுப்பாயா? எங்கள் மொழியை நாங்கள் பேசுவதுபோலவே பேசுவாயா? நாளாக நாளாக, நீ யாரென்று எங்களுக்கே அடையாளம் தெரியாதபடி எங்களுக்குள் கரைந்துபோவாயா? இவற்றுக்கெல்லாம் ஆமென்று சொல், பிறகு பார்க்கலாம்." இவ்வாறு கேட்பதற்கு நாகரிக உலகம் சூட்டியிருக்கும் பெயர் குடிநுழைவுக் கொள்கை என்பது.

பணமூட்டையோடு வருகிறவனை ஒருவரும் இவ்வாறு கேட்பதில்லை. அவன் எதை உண்டால் என்ன, எந்தக் கடவுளைத் தொழுதால் என்ன, முதல் வந்தாற் போதும். தன் மதத்தின் பொருட்டுச் சொந்த நாட்டில் அடிபட்டு, உடுத்த துணியோடு வருகிறவனிடத்திலேதான் இக்கேள்விகள் அத்தனையும் பாய்கின்றன.

இப்படிக் கேட்பவரெல்லாம் கொடியவர் என்று நாம் சொல்லவில்லை. "ஒரு நாட்டார் ஒருவரையொருவர் நம்பி வாழவேண்டுமாயின் அவர்களுக்குள் ஏதோ ஒரு பொதுமை வேண்டும், கலக்க மாட்டாத கூட்டத்தை உள்ளே விட்டால் நாளைக்குக் கலகம், ஆகையால் கலக்கக்கூடியவர் யாரென்று முன்னாலேயே சோதித்து எடுப்பது அறிவுடைமை" என்பது அவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் இந்தச் சோதனை புதிதன்று. உலகத்தில் பலமுறை நடத்திப் பார்க்கப்பட்டிருக்கிறது. அதில் தேறியவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதைத்தான் இவ்வாதம் புரிவோர் ஒருபோதும் சொல்வதில்லை. அதை நாம் சொல்லுவோம்.

ஸ்பெயின் தேசத்தில் 1391ஆம் ஆண்டில் யூதர்கள்மீது பெருங்கலகம் மூண்டது. சிலுவையை ஏற்றால் உயிர், இல்லையேல் மரணம் என்ற நிலையில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கலந்துவிடு என்று சொன்னார்கள், கலந்துவிட்டார்கள். கலந்தவர்கள் படித்தார்கள், உத்தியோகம் பெற்றார்கள், பழைய கிறிஸ்தவர் குடும்பங்களில் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். அறுபது ஆண்டு கழிவதற்குள், 1449இல், தொலேதோ நகரத்தில் ஒரு விதி பிறந்தது: யூத வழியில் வந்தவன் எவனாயினும், எத்தனை தலைமுறையாகக் கிறிஸ்தவனாயினும், நகரத்தில் பதவி வகிக்கலாகாது. அக்காலத்துப் போப்பரசர் ஐந்தாம் நிக்கோலாஸ் அதைக் கண்டித்தார். கண்டனம் காற்றிற் போயிற்று. 'இரத்தத் தூய்மை' என்னும் விதி ஊர் ஊராகவும், சபை சபையாகவும் பரவிற்று. ஞானஸ்நானத் தொட்டியின் நீர் ஆத்துமாவைக் கழுவுமாம், இரத்தத்தைக் கழுவாதாம்! பிறப்பினால் மேன்மை கீழ்மை கற்பிக்கும் இந்த நஞ்சின் சுவையைப்பற்றித் தமிழ் வாசகருக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

பிறகு வேவு தொடங்கிற்று. சனிக்கிழமையன்று எவன் வீட்டுக் கூரையிற் புகை எழவில்லை? எவள் அன்றைக்குத் தூய ஆடை உடுத்தாள்? எவன் பன்றியிறைச்சியை ஒதுக்கினான்? மதவிசாரணை மன்றத்துக்கு இவையெல்லாம் சாட்சியங்கள். 1492இல் மதம் மாறாத யூதரை நாட்டைவிட்டே துரத்தினார்கள். மாறாதவர்கள் மாறியவர்களைக் கெடுக்கிறார்கள் என்பதே அக்கட்டளையில் கூறப்பட்ட காரணம்.

அதே ஸ்பெயினில் முஸ்லிம்களுக்கும் இதே மருந்து கொடுக்கப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டின் முதற்பாகத்திலேயே அவர்கள் யாவரும் பெயரளவில் கிறிஸ்தவர் ஆக்கப்பட்டுவிட்டார்கள். அதுவும் போதவில்லை. 1567இல் கிரனாடாவில் ஓர் ஆணை பிறந்தது: அரபு பேசாதே, அரபுப் பெயர் வையாதே, அந்த உடை உடுத்தாதே, குளிக்கும் மண்டபங்களுக்குப் போகாதே. குளிப்பதுகூடக் குற்றமாயிற்று! அப்போது பிரான்சிஸ்கோ நூன்யெஸ் மூலே என்னும் முதியவர், மதம் மாறிய குடும்பத்தில் வந்தவர், அதிகாரிகளுக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். அதன் சாரம் இது: உடையும் மொழியும் மதமல்ல, கிழக்கு நாடுகளிலுள்ள கிறிஸ்தவர்கள் அரபுதான் பேசுகிறார்கள், அதனால் அவர்களுடைய கிறிஸ்தவம் கெட்டுவிட்டதா? எங்கள் உடை கிரனாடா நாட்டு உடை. மற்ற மாகாணத்தாருக்குத் தத்தம் உடை இருப்பதுபோல எங்களுக்கும் இருக்கிறது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த வாதத்துக்கு இதுவரை ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. ஸ்பெயின் சொன்ன மறுமொழி, 1609 முதல் 1614 வரையில் ஏறத்தாழ 3,00,000 பேரைக் கப்பலேற்றி வட ஆப்பிரிக்காக் கரையிற் கொண்டுபோய்க் கொட்டியது. ஞானஸ்நானம் பெற்றவர்கள்தாம் அவர்களும்.

"அது இருண்ட காலம், ஐயா, அறிவு வளர்ந்த காலத்தில் அப்படியா நடக்கும்?" என்பார்கள். நல்லது, அறிவு வளர்ந்த நாட்டுக்கே போவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வியிலும் விஞ்ஞானத்திலும் சங்கீதத்திலும் ஜெர்மனிக்கு மேற்பட்ட நாடு எது?

அந்நாட்டு யூதர்களைப்போல் கலப்புச் சோதனையில் முதல் வகுப்பிற் தேறியவர்கள் உலகில் வேறு எவருமில்லை. 1933இல் அவர்கள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர். ஜனத்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வீட்டிற் பேசியது ஜெர்மன். பிள்ளைகளுக்கு இட்ட பெயர்கள் ஜெர்மன் பெயர்கள். 1914ஆம் ஆண்டு யுத்தத்தில் அந்நாட்டுக் கொடியின்கீழ் ஏறத்தாழ 1,00,000 யூதர் சேவித்தார்கள். 12,000 பேர் மாண்டார்கள். யுத்தத்துக்குப் பிறகு யூதப் போர்வீரர் சங்கத்தார் இந்தத் தொகையை விளம்பரமாக அச்சிட்டுப் பரப்பவேண்டி வந்தது. நாட்டுக்காக இறந்ததற்குக் கணக்குக் காட்டும்படி நேர்ந்தபோதே ஏதோ பழுதாகிவிட்டது என்று பொருள்.

மெண்டல்சான் குடும்பத்தைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டிற் பெர்லினுக்கு வந்து பெரிய தத்துவ ஞானியாக விளங்கினார் மோசஸ் மெண்டல்சான். யூதராகவே வாழ்ந்து யூதராகவே மறைந்தார். அவர் பேரன் பெலிக்ஸ் 1816இல், சிறு பிள்ளையாயிருக்கையில், ஞானஸ்நானம் பெற்றார். அந்தப் பெலிக்ஸ்தான் 1829இல், இருபதே வயதில், பாஹ் என்னும் மேதையின் மறக்கப்பட்டிருந்த பெரிய கிறிஸ்தவ இசைப் படைப்பை மறுபடியும் அரங்கேற்றி ஜெர்மானியருக்கு அவர்களுடைய சொந்தப் பொக்கிஷத்தை எடுத்துக் கொடுத்தவர். இதைவிடக் கலப்பது எப்படி? 1936இல் லைப்ஸிக் நகரத்தில் நின்ற அவருடைய சிலையை இரவோடிரவாகப் பெயர்த்து அப்புறப்படுத்தினார்கள். பிரிட்ஸ் ஹாபர் என்னும் இரசாயன அறிஞரும் அப்படியே. 1892இலேயே கிறிஸ்தவரானவர், காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து உரத்துக்கு வேண்டிய அமோனியாவைச் செய்யும் வழியைக் கண்டுபிடித்து நோபெல் பரிசு பெற்றவர், தேச பக்தி என்ற பெயரில் யுத்தத்தில் நச்சுப்புகையையும் செய்து கொடுத்தவர். அந்தப் பாவத்தையும் நாட்டுக்காகவே செய்தார். 1933இல் பதவியைத் துறந்து வெளியேறி, மறு வருஷம் ஜனவரியில் அந்நிய நாட்டில், பாஸல் நகரத்தில், இறந்தார்.

நூரம்பெர்க் சட்டங்கள் 1935இல் வந்தன. இரத்தத்தைப் பற்றி ஊரெல்லாம் முழங்கிய அந்தச் சர்க்கார், ஒருவன் யூதனா அல்லவா என்று எவ்வாறு முடிவு செய்தது? இரத்தத்தைச் சோதித்தா? இல்லை. அவன் பாட்டனும் பாட்டியும் எந்த ஆலயத்தின் பதிவேட்டில் இருந்தார்கள் என்று பார்த்தார்கள்! மூன்று பேர் யூத சபையைச் சேர்ந்திருந்தால் பேரன் யூதன். அவன் மாதா கோயிலுக்கு நாள்தோறும் போனாலும் யூதன். விஞ்ஞானம் என்ற பெயரில் நடத்திய இந்த மோசடியை எண்ணினால், ஜோசியன் ஜாதகம் பார்ப்பது எவ்வளவோ நேர்மையான தொழில் என்று தோன்றுகிறது.

இவற்றையெல்லாம்விடச் சிந்திக்கத்தக்க சட்டம் ஒன்று 1938 ஆகஸ்டில் வந்தது. யூதர்களின் பெயர்கள் மற்ற ஜெர்மானியர் பெயர்களிலிருந்து வேறுபடவில்லை. பெயரைக் கேட்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆகவே 1939 ஜனவரி முதல் தேதியிலிருந்து, சர்க்கார் பட்டியலிலுள்ள யூதப் பெயர் இல்லாத ஆண் ஒவ்வொருவனும் 'இஸ்ராயேல்' என்றும், பெண் ஒவ்வொருத்தியும் 'ஸாரா' என்றும் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டுமென்று ஆணையிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், யூதருடைய கடவுச்சீட்டுகளில் 'ஜே' என்னும் எழுத்தைச் சிவப்பிற் குத்தினார்கள். இம்முத்திரைக்கு ஸ்விட்ஸர்லாந்து அதிகாரிகளின் வற்புறுத்தலும் ஒரு காரணம். எல்லையில் வந்து நிற்பவருள் யூதர் யார் என்று அவர்களுக்கும் தெரியவில்லையாம். நண்பர்களே, இதை நன்றாகக் கவனியுங்கள். கலக்கவில்லை என்று குற்றம் சாட்டியவர்கள், கலந்துபோனவர்களைப் பிரித்தெடுக்க முடியாமல் முத்திரை குத்தவேண்டி வந்தது. கலக்காமை எப்போதுமே குற்றமாயிருந்ததில்லை. குற்றம் இருந்ததே போதும்.

இனி, வாசலில் நின்று சோதித்தவர்கள் கதைக்கு வருவோம். ஏனெனில், கொன்றவனை ஏசுவது எளிது. கதவை அடைத்தவர்கள் எல்லாரும் இன்றும் கனவான்களாகவே இருக்கிறார்கள்.

1938 ஜூலையில், பிரான்ஸிலுள்ள எவியான் என்னும் ஏரிக்கரை ஊரில், அகதிகள் விஷயமாக ஒரு மகாநாடு கூடிற்று. 32 நாடுகளின் பிரதிநிதிகள் வந்து, நல்ல ஹோட்டலில் தங்கி, ஒன்பது நாள் பேசினார்கள். எல்லாரும் இரக்கப்பட்டார்கள். ஆஸ்திரேலியப் பிரதிநிதி, தங்கள் நாட்டில் இனப் பிரச்சினை ஏதும் இல்லை, ஒன்றை இறக்குமதி செய்யவும் விருப்பமில்லை என்று சொன்னார். பூர்வகுடிகளின் நிலத்திற் குடியேறிய ஒரு சமூகத்தின் பிரதிநிதி இதைச் சொன்னார் என்பதை மறந்துவிடலாகாது. பெரிய தொகையை ஏற்பதாக முன்வந்தது டொமினிக்கன் குடியரசு ஒன்றே. 1,00,000 பேர்வரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிற்று. அதன் சர்வாதிகாரி துருஹியோ முந்திய ஆண்டில்தான் ஹைத்தி நாட்டுக் கறுப்புத் தொழிலாளரை ஆயிரக்கணக்கிற் கொல்லுவித்தவர். வெள்ளைத் தோல் வந்து நாடு வெளுக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. முடிவில் அங்குக் குடியேறியவர் ஆயிரத்துக்கும் குறைவு.

அமெரிக்காவில் 1924ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. தெற்கு ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் நம்மோடு கலக்கமாட்டார்கள் என்று அஞ்சி, பிறந்த நாட்டை வைத்து இவ்வளவு பேர் என்று தொகை வரையறுத்த சட்டம் அது; ஆசியரைப் பெரும்பாலும் முற்றாகவே தடுத்தது. ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 27,370 இடம். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு அந்தச் சிறு தொகைகூட முழுவதும் நிரம்பியது 1939இல்தான். வந்தால் நாட்டுக்குப் பாரமாவான் என்று தூதரகங்கள் விண்ணப்பங்களைத் தள்ளிக்கொண்டிருந்தன. 1939இல் 20,000 குழந்தைகளை மட்டுமாவது தொகைக்குப் புறம்பாக ஏற்போம் என்று அந்நாட்டுக் காங்கிரஸில் ஒரு மசோதா வந்தது. வாக்கெடுப்புக்கே வராமல் மாண்டுபோயிற்று. பிரிட்டன் ஏறத்தாழ 10,000 குழந்தைகளை ஏற்றது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். பெற்றோரை ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

1939 மே மாதத்தில் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து 'ஸெயின்ட் லூயிஸ்' என்னும் கப்பல் 937 பிரயாணிகளோடு கியூபாவுக்குப் புறப்பட்டது. கிட்டத்தட்ட எல்லாரும் யூதர். கையில் சீட்டு இருந்தது. கப்பல் போய்ச் சேர்வதற்குள் அந்தச் சீட்டுச் செல்லாதென்று ஆக்கப்பட்டிருந்தது. கியூபா 28 பேரை இறங்க விட்டது. கப்பல் அமெரிக்கக் கரையோரமாகச் சென்றது. மியாமி நகரத்து விளக்குகள் தளத்திலிருந்தவர்களுக்குத் தெரிந்தன. அமெரிக்கா இறங்கவிடவில்லை, கனடாவும் இல்லை. திரும்பி ஐரோப்பாவுக்கே வந்தது. பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், ஹாலந்து நான்கும் பங்கிட்டு எடுத்துக்கொண்டன. மறு வருஷம் ஜெர்மன் சேனை பின்னைய மூன்று நாடுகளையும் விழுங்கிற்று. அக்கப்பலில் வந்தவர்களில் 254 பேர் கொல்லப்பட்டார்கள். கலப்பார்களா மாட்டார்களா என்னும் கேள்விக்கு அவர்கள் விஷயத்தில் இனி விடை தேட வேண்டியதில்லை.

பிரிட்டனிற் போய்ச் சேர்ந்த அகதிகளுக்கு அந்நாட்டு யூதச் சங்கங்களே ஒரு சிறு கையேடு அச்சிட்டுக் கொடுத்தன. தெருவில் ஜெர்மன் பேசாதீர், பொது இடத்தில் ஜெர்மன் பத்திரிகை படிக்காதீர், உரக்கப் பேசாதீர், ஆங்கிலம் விரைந்து கற்பீர் என்பன போன்ற புத்திமதிகள் அதில் இருந்தன. பாவம், அப்படியே செய்தார்கள். 1940 வந்தது. ஜெர்மானியர் என்று சொல்லி அவர்களையே பல்லாயிரக்கணக்கிற் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள்! ஜெர்மனியில் யூதன், இங்கிலாந்தில் ஜெர்மானியன். நம் சிங்கப்பூரும் மலாயாவும் இதற்கு விலக்கல்ல. இங்கே தஞ்சம் புகுந்திருந்த ஜெர்மன், ஆஸ்திரிய யூதக் குடும்பங்களை, பெண்டு பிள்ளைகளோடு இருநூற்றுக்கு மேற்பட்டவர்களை, 1940 செப்டம்பரில் 'குயீன் மேரி' கப்பலிலேற்றி ஆஸ்திரேலியாவிலுள்ள தட்டூரா முகாமுக்கு அனுப்பினார்கள்.

இவ்வளவுக்கும் மறுதலையாக ஒரு கதை உண்டு. குடிநுழைவுச் சட்டம் எழுதுகிறவர்கள் அதை முதற்பாடமாகப் படிக்கவேண்டும்.

பிரான்ஸில் பதினான்காம் லூயி மன்னன், ஒரே அரசன், ஒரே சட்டம், ஒரே மதம் என்னும் கொள்கையை நிலைநாட்டப் புறப்பட்டான். ஹுகெனோக்கள் என்னும் புரொட்டஸ்டண்டு மதத்தாரின் வீடுகளில் சிப்பாய்களைக் குடிவைத்து, மதம் மாறும்வரையில் உண்டு அழிக்கச் செய்தான். 1685இல் அவர்களுடைய வழிபாட்டுரிமையை அறவே நீக்கினான். மாறவும் மாட்டாமல், நாட்டைவிட்டு ஓடும்போது பிடிபட்ட ஆண்களுக்குக் கிடைத்தது தண்டுவலிக்கும் கப்பலில் அடிமை வாழ்வு. ஆயினும் ஏறத்தாழ 2,00,000 பேர் தப்பி ஓடினார்கள். அகதி என்பதற்கு ஆங்கிலத்திலுள்ள 'ரெப்யூஜி' என்னும் சொல்லே இவர்களோடுதான் அந்த மொழிக்குள் வந்தது.

அதே ஆண்டில், சில வாரங்களுக்குள்ளாகவே, பிராண்டன்பர்க் நாட்டரசன் பிரெடரிக் வில்லியம் போட்ஸ்டாமிலிருந்து ஓர் ஆணை வெளியிட்டான். வாருங்கள், வழிச்செலவுக்கு உதவுகிறோம், பாழடைந்து கிடக்கும் வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள், கட்டுவதற்குச் சாமான் தருகிறோம், சில ஆண்டுகளுக்கு வரி வேண்டாம், உங்கள் மொழியிலேயே உங்கள் போதகர் வழிபாடு நடத்தட்டும், உங்கள் வழக்குகளை உங்கள் நீதிபதியே தீர்க்கட்டும். எங்களைப்போல் ஆவாயா என்று அதில் ஒரு வரிகூட இல்லை. ஏறத்தாழ 20,000 பேர் வந்தார்கள். 1700ஆம் ஆண்டையொட்டிப் பெர்லின்வாசிகளில் ஐந்தில் ஒருவர் பிரெஞ்சு அகதி! இக்காலத்து அரசியல்வாதிகள் இந்த விகிதத்தைக் கேட்டால் மயங்கி விழுவார்கள். 1689இல் அவர்களுக்கென்று ஏற்பட்ட பிரெஞ்சுப் பள்ளி பெர்லினில் இன்றும் நடக்கிறது.

பெர்லின் அழிந்ததா? ஜெர்மன் மொழி செத்ததா? நெசவும், தொப்பி செய்தலும், தோட்டப்பயிரும், கடிகார வேலையும் வளர்ந்தன. உள்ளூர்த் தொழிலாளர் சங்கங்கள் முணுமுணுத்தன. பிழைப்புப் போகிறதே என்னும் அச்சம் எப்போதும் இருப்பதுதான். தலைமுறைகள் சென்றன. ஒருவரும் கட்டாயப்படுத்தாமலேயே பிரெஞ்சுக் கோயில்களில் ஜெர்மன் மொழிப் பிரசங்கம் நுழைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் நாவலின் பேராசிரியனாகத் தோன்றிய தியோடர் பொண்டானே அந்த அகதிகளின் சந்ததியே. கட்டளை இல்லாத இடத்தில் கலப்பு நிகழ்ந்தது. கட்டளையிட்ட ஸ்பெயினில் நிகழ்ந்த கலப்பைக் கட்டளையிட்டவர்களே நம்பவில்லை.

இலண்டனிலும் ஒரு சாட்சி நிற்கிறது. பிரிக் லேன் வீதி மூலையில் 1743இல் ஹுகெனோக்கள் ஒரு தேவாலயம் கட்டினார்கள். அவர்கள் பெயர்ந்து போனபின் 1819இல் அது மெதடிஸ்டுகளின் ஆலயமாயிற்று. ருஷ்யாவிலிருந்து ஓடிவந்த யூதர்கள் நிறைந்தபோது 1898இல் யூதர் ஆலயமாயிற்று. வங்காள முஸ்லிம்கள் குடியேறியபின் 1976இல் பள்ளிவாசலாயிற்று. செங்கல் அதே செங்கல். ஒவ்வொரு கூட்டத்தாரையும் 'இவர்கள் ஒருக்காலும் கலக்கமாட்டார்கள்' என்றே அவ்வூரார் முதலிற் சொன்னார்கள். யூதருக்கு எதிராக 1905இல் அந்நியர் சட்டமே கொண்டுவந்தார்கள்.

பிரான்ஸில் தங்கி மறைந்து வாழ்ந்த ஹுகெனோக்கள் என்ன ஆனார்கள்? மலைப்பகுதிகளில் இரகசியமாக வழிபட்டு, உதைபட்டு, கரையாமலே நின்றார்கள். 1787இல்தான் அவர்களுடைய திருமணமும் பிறப்பும் சட்டத்தால் ஒப்புக்கொள்ளப்பட்டன. அந்தக் கரையாத சந்ததியார் வாழ்ந்த லெ ஷாம்போன் என்னும் மலையூரில், 1940க்குப் பின், யூதர்களைப் பிடிக்க ஆட்கள் வந்தபோது, அந்திரே த்ரோக்மே என்னும் போதகரும் ஊராரும் சேர்ந்து வீடுகளிலும் பண்ணைகளிலும் பள்ளிக்கூடத்திலும் அவர்களை ஒளித்து வைத்துக் காத்தார்கள். நாடு முழுவதும் அதிகாரத்துக்குத் தலைவணங்கிய வேளையில் இவர்களுக்கு மட்டும் அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? பாட்டன் பட்ட அடியை அவர்கள் மறக்கவில்லை. முழுக்கக் கரைந்திருந்தால் அந்த நினைவும் கரைந்திருக்கும். பிரான்ஸ் தேசம் இன்று எடுத்துக் காட்டிப் பெருமை கொள்ளும் ஊர்களில் ஒன்று குறைந்திருக்கும்.

ஓர் ஆட்சேபத்துக்கு விடை சொல்லவேண்டும். "ஹுகெனோக்கள் புரொட்டஸ்டண்டுகள், பெர்லின் அரசனும் புரொட்டஸ்டண்டு, ஆகையாற் சேர்ந்துவிட்டார்கள், வேற்று மதத்தார் அப்படியல்லர்" என்பது அது. அரசனுக்குத் தன் மதத்தார்மேல் அபிமானம் இருந்தது உண்மை. முப்பது வருஷ யுத்தத்தில் ஆளற்றுப்போன நாட்டுக்குக் கைகள் வேண்டியிருந்ததும் உண்மை. ஆனால் அந்நாட்டுக் குடிகள் லூதரின் சபையார். வந்தவர்கள் கால்வினின் சபையார். அக்காலத்தில் இவ்விரு சபையாரும் ஒருவரையொருவர் எவ்வளவு வெறுத்தார்கள் என்பதை அறிந்தவர்கள் இந்த ஆட்சேபத்தைச் சொல்லத் தயங்குவார்கள். மேலும், மதம் ஒன்றானால் மனம் ஒன்றாகும் என்பது எவ்வளவு பொய் என்பதை நம் கடற்கரையே காட்டும், சற்றுப் பொறுங்கள்.

இன்னொன்று. வருகிறவன் எதைக் கொண்டுவந்தாலும் சரியென்று நாம் சொல்லுகிறோமா? ஒருபோதும் இல்லை. குழந்தை மணமோ, பெண்ணை அடிமையாக வைப்பதோ, பிறப்பைச் சொல்லி ஒருவனைத் தாழ்த்துவதோ எவன் மூட்டையில் வந்தாலும் சட்டம் அதைப் பறிமுதல் செய்யவேண்டும். ஆனால் உள்ளூரான் வீட்டிலும் அதே சட்டம் அதே கையோடு நுழையவேண்டும். சட்டத்துக்குக் கீழ்ப்படி என்பது வேறு. என் சாயலுக்கு மாறு என்பது வேறு. முன்னதைக் கேட்க எந்த நாட்டுக்கும் உரிமையுண்டு. பின்னதைக் கேட்கிற நாடு, மாறியபிறகும் திருப்தியடையப் போவதில்லை என்பதைத்தான் இதுவரை கண்டோம்.

இப்போது நம் கடற்கரை. பர்மாவின் அரக்கான் பகுதியிலுள்ள ரோஹிங்யா முஸ்லிம்களை 1982ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்நியராக்கிவிட்டது. அந்நாட்டுச் சர்க்கார் 135 சுதேச இனங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது; அதில் இவர்கள் இல்லை. இது அந்த ராஜாங்கத்தின் பழைய வழக்கம். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தபின் கடைகளும் நிலங்களும் பறிக்கப்பட்டு, இலட்சக்கணக்கான இந்தியர், அவர்களுள் தமிழர் ஏராளம், வெறுங்கையோடு கப்பலேறியதை நம் பெரியோர் மறந்திருக்கமாட்டார்கள். சென்னையில் பர்மா பஜார் என்று ஒன்று ஏன் இருக்கிறதென்று கேட்டுப் பாருங்கள். 2017இல் பட்டாளம் கொளுத்திய கிராமங்களிலிருந்து 7,00,000 பேருக்கு மேல் வங்காள தேசத்துக்கு ஓடினார்கள்.

2015 மே மாதத்தில் ஆயிரக்கணக்கானோர் படகுகளில் அந்தமான் கடலில் தத்தளித்தார்கள். தாய்லாந்தும் மலேசியாவும் இந்தோனேசியாவும் படகுகளை ஒருவர் கடலிலிருந்து மற்றவர் கடலுக்குத் தள்ளின. அரசாங்கங்கள் தயங்கிய வேளையில் அச்சே மாகாணத்து மீனவர்கள் தங்கள் தோணிகளில் அவர்களை ஏற்றிக் கரை சேர்த்தார்கள். அதன் பிறகே மே 20ஆம் தேதி மலேசியாவும் இந்தோனேசியாவும் 7,000 பேருக்கு ஓராண்டுத் தஞ்சம் தர இசைந்தன. அதே மாதத்தில் பெர்லிஸ் மாநில எல்லைக் காட்டில், ஆட்கடத்தும் கும்பல்களின் முகாம்களுக்கருகில், 139 புதைகுழிகள் கண்டெடுக்கப்பட்டன. 2020இல், தொற்றுநோயைக் காரணங்காட்டி, மறுபடியும் படகுகள் திருப்பப்பட்டன. வந்தவர்கள் முஸ்லிம்கள், திருப்பிய நாட்டிற் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். மதம் ஒன்றாயிருந்து என்ன பயன்? "இவர்கள் அழுக்கர், கூட்டங்கூட்டமாக வாழ்கிறார்கள், நம்மோடு கலக்கமாட்டார்கள்" என்ற கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சலில் தமிழ்க் குரல்களும் கேட்டன. அதைக் கேட்டு வெட்கம் மேலிட்டே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

நாம் கலந்துவிட்டோமா? பினாங்கில் 1816இல் தொடங்கிய தமிழ்க் கல்விக்கு 2016இல் இருநூறாண்டு விழாக் கொண்டாடினோம். நம் பிள்ளைகள் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறார்கள். தைப்பூசத்துக்கு விடுமுறை கேட்டு வாங்கினோம். கூட்டங்கூட்டமாக லயங்களில் வாழ்ந்தோம், நம்மை வைத்த இடம் அது. இவ்வளவும் இருந்தும் வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம், மலாய் பேசுகிறோம், நாட்டுக்காக உழைக்கிறோம். கரையாமலே குடிமக்களாக இருக்கலாம் என்பதற்கு நாமே சாட்சியாக இருக்கையில், அடுத்தவனைப் பார்த்துக் கரைந்துபோ என்று சொல்ல நமக்கு வாய் எப்படி வருகிறது?

மலேசியாவில் ஐக்கிய நாடுகளின் அகதிகள் அலுவலகத்திற் பதிவான ரோஹிங்யாக்கள் மட்டுமே ஒரு இலட்சத்துக்கு மேல். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியாவும் கையெழுத்திடவில்லை, சிங்கப்பூரும் கையெழுத்திடவில்லை. நெடுங்காலமாகவே, மலேசியக் குடிநுழைவுச் சட்டத்துக்கு அகதி என்று ஓர் ஆளைத் தெரியாது. அனுமதியின்றி நுழைந்தவன் என்றுதான் தெரியும். அதனால் தகப்பனுக்குச் சட்டப்படி வேலை செய்யும் உரிமை கிடையாது. பிள்ளைக்குச் சர்க்கார் பள்ளியில் இடம் கிடையாது. அந்நியனும் உள்ளூரானும் ஒருவரோடொருவர் பழகுவது எங்கே? வேலைத்தலத்தில், பள்ளிக்கூடத்தில். இரண்டு கதவையும் தாழிட்டுக்கொண்டு, பூட்டுக்கு இப்புறம் நின்று, "ஏன் கலக்கவில்லை?" என்று கேட்கிறார்கள்.

செலாயாங் மொத்தச் சந்தைக்கு விடியுமுன் போய்ப் பாருங்கள். காய்கறி மூட்டை தூக்குகிற ரோஹிங்யா வாலிபன் சீன முதலாளியிடமும் தமிழ் வாடிக்கைக்காரரிடமும் மலாயிலே பேரம் பேசுகிறான். அவனுக்கு அதைக் கற்றுக்கொள்ளும்படி ஒருவரும் உத்தரவிடவில்லை. அவன் தம்பிக்கு, கடைவீட்டு மாடியிலே, யாரோ சிலர் தங்கள் கைக்காசில் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தத் தம்பியைக் கீழே இறக்கி அடுத்த தெருப் பள்ளியில் சேர்ப்பதற்கு வேண்டியது ஓர் அமைச்சரின் கையெழுத்து.